அடிப்பாசி

நாலாயிரத்து முந்நூறு ஷில்லிங். எகேசா அண்ணனுக்கு ஒடுவோரி தரவேண்டிய கூலி அது. மூன்று படகுகளைக் கரையேற்றி, அடிப்பாசி சுரண்டி, பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து, தார் பூசிக் கொடுத்ததற்கு. அந்த வேலையில் நானும் ஓர் ஆள். என் பங்கை அண்ணன் தன் கையிலிருந்தே கொடுத்துவிட்டார். அவருக்குத்தான் வரவில்லை. ஒடுவோரி வேற்றாளாக இருந்தால் சந்தையில் வைத்துச் சட்டையைப் பிடித்திருக்கலாம். அவர் சம்பந்தி. எகேசா அண்ணனின் மூத்த மகன் சான்யா கட்டியிருப்பது ஒடுவோரியின் மகள் நஃபூலாவை. பெண்ணுக்குப் பேசின பரிசத்தில் இரண்டு மாட்டை அண்ணன் இன்னும் ஓட்டிப்போய் விடவில்லை. மாட்டுப் பாக்கி வைத்திருக்கிறவன் பெண்ணின் தகப்பனிடம் போய் நின்று கூலி கேட்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை.

படகு சுரண்டுவது பார்க்க லேசாக இருக்கும். ஏரியில் கிடக்கிற பலகையில் முதலில் வெறும் வழுவழுப்புதான் ஒட்டும், கைவைத்தால் மீனைத் தொட்ட மாதிரி. அதை விட்டால் அதன் மேலேயே பச்சை படியும், பச்சையின் மேல் மண், மண்ணின் மேல் சின்னச் சின்ன ஓடு. கடைசியில் இரண்டு பேர் தள்ளுகிற படகைத் தள்ள நாலு பேர் வேண்டும். சில சோம்பேறிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே துடைப்பத்தால் தேய்ப்பார்கள். மேலாக இருப்பது கழன்று மிதக்கும். படகு குளித்துவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மாதம் அதே படகு, அதே பாசி. எகேசா அண்ணன் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. "ஏத்து, காயவிடு, அப்புறம் இரும்பை வை" என்பார். அவருடைய தகடு லாரி ஸ்ப்ரிங்கை அடித்துச் செய்தது. ஒரு பக்கம் தேய்ந்து அரை நிலா மாதிரி ஆகியிருந்தது.

நிசோயா ஆறு கரை உடைத்த மழைக்காலத்தில்தான் அவருக்கு மூத்திரம் நின்றுபோனது. ரொம்ப நாளாகவே படகின் மறைவுக்குப் போனால் திரும்ப நேரமாகும். இளவட்டங்கள் கேலி பண்ணும். ஒருநாள் போனவர் வரவேயில்லை. போய்ப் பார்த்தால் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகமெல்லாம் வேர்வை, அடிவயிறு பூசணி மாதிரி. சான்யா மோட்டார் சைக்கிளில் அவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு பூசியா டவுனுக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். பை நிறைய நிறைய அவர் முகம் தெளிந்தது. கடைசியில் சிரித்தேவிட்டார்.

"சான்யா, உன் அம்மாவைக் கட்டின அன்னைக்குக்கூட இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லடா."

உள்ளே ஒரு சுரப்பி வீங்கி வழியை அடைத்திருக்கிறது, அறுத்து எடுக்கவேண்டும், அறுக்க இவ்வளவு பணம், பெயரை எழுதிக்கொள்கிறோம், அதுவரை டியூப்போடு இருங்கள் என்றார் டாக்டர். மாதம் ஒருமுறை டியூப்பை மாற்றவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

முதல் தடவை மாற்றினார்கள். டியூப், பை, கையுறை எல்லாம் வெளியே வாங்கி, போக்குவரத்தும் சேர்த்துத் தொள்ளாயிரம் ஷில்லிங் ஆனது. அதன்பிறகு ஆகாயத்தாமரை வந்து எங்கள் கரையை மூடிவிட்டது. தரை மாதிரி பச்சையாகப் படர்ந்து கிடந்தது. கொக்கு அதன்மேல் நடக்கும். படகு இறங்கவில்லை, ஒமேனாப் பொடிமீன் வரவில்லை, காயப்போட மீன் இல்லாமல் பெண்கள் வலையைச் சுருட்டி வைத்தார்கள். படகே ஓடாதபோது எவன் படகைச் சுரண்டச் சொல்வான்? சான்யா அடுத்த ஊரில் மணல் அள்ளப் போனான். வருகிற காசு மாவுக்கும் உப்புக்கும் சரியாக இருந்தது.

அண்ணன் மூத்திரப் பையை ஒரு மக்காச்சோள மாவுப் பைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு கரைக்கு வருவார். வேலை இல்லாவிட்டாலும் வருவார்.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை லிட்டர்?" என்பான் இஞ்சின்கார வாபுகே.

"உன் இஞ்சினுக்கு வேணுமா? பெட்ரோல் விலைக்கே தரேன். உன் படகு அதுலதான் நல்லா ஓடும்."

"நாறுமே அண்ணே!"

"உன்னைவிடவா?"

எல்லாரும் சிரிப்போம். வாடை அடித்தது உண்மைதான்.

அவர் மனைவி முகேனி அக்காதான் முதலில் கவனித்தது. பையைத் திறந்து கொட்டுவது அக்கா. கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கலாக வருகிறது, அடியில் மணல் மாதிரி நெருநெருவென்று என்னவோ நிற்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் அவர்கள் வேலிக்கு அடுத்த வீடு.

"மகோகா, நீ சொன்னா கேப்பாரு. மாத்துற நாள் தாண்டிப்போச்சு. ரெண்டு மடங்கு தாண்டிப்போச்சு."

உள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "டியூப்பு நல்லாத்தான் இருக்கு. ஒழுகல, கிழியல. ஒழுகாத படகை எவனாவது உடைப்பானா?"

"சான்யா அப்பா, உள்ளுக்குள்ள என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

காய்ச்சல் வந்தது. கடைத்தெரு மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி, அண்ணன் எழுந்து உட்கார்ந்து உகாலிக் களியும் கீரையும் கேட்டுச் சாப்பிட்டார். பார்த்தாயா என்றார். மாத்திரை தீர்ந்த கொஞ்ச நாளில் மறுபடியும் குளிர் நடுக்கம். மறுபடியும் மாத்திரை, மறுபடியும் இறங்கியது, மறுபடியும் வந்தது. இந்தத் தடவை மாத்திரை அவ்வளவாகக் கேட்கவில்லை.

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் நெகேசா என்று ஒரு நர்ஸ். வாய் அதிகம், கை அதைவிட வேகம். வாசலில் நாங்கள் நுழையும்போதே அவளுக்கு மூக்கு சொல்லிவிட்டது.

"அப்பா, எப்பப் போட்ட டியூப்பு இது? ஏரி உண்டானப்பவா?"

"மாத்திரை குடுத்தா குடும்மா. ஏச்சு இலவசம்னு தெரியும்."

"மாத்திரை குடிச்சீங்களா?"

"குடிச்சேன். போகுது, திரும்ப வருது."

அவள் டியூப்பைத் தொடை ஓரமாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ரப்பரின் உள்ளே வெள்ளையாகத் தடித்திருந்தது தெரிந்தது.

"திரும்பத்தான் வரும். இந்தக் கிருமி சும்மா மூத்திரத்துல மிதந்துக்கிட்டிருக்கிறது இல்ல. டியூப்பு மேல ஒட்டிக்கும். ஒட்டினதும் தன்னைச் சுத்தி ஒரு வழவழப்பைக் கக்கி, அதைப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்துக்கும். அதுக்கு மேல இன்னொண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு. ஒரு ஊரே கட்டிக்கும். மாத்திரை போனா வெளிய திரியறது சாகும். போர்வைக்குள்ள இருக்கிறதை மாத்திரை ஒண்ணும் பண்ணாது. அதுலயும் உங்களுக்கு வந்திருக்கிறது சுண்ணாம்பு வேற கட்டுது. அதான் அந்த மணலு."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மகோகா, இது அடிப்பாசிடா."

"என்னது?" என்றாள் நெகேசா.

"படகுப் பாசிம்மா. தண்ணில வச்சே தேச்சா போகாது. மேல மேல மிதக்கும், அவ்வளவுதான். நான் இத்தனை நாளும் தண்ணில நின்னு தேச்சுக்கிட்டிருக்கேன்." கொஞ்சம் சிரித்தார். "அப்ப என்னைக் கரையேத்தணுங்கிற."

"டியூப்பை எடுக்கணும். புதுசு போடணும். அப்புறம் குடுக்கிற மருந்துதான் வேலை செய்யும். என்கிட்ட டியூப்பு இல்லப்பா. மாவட்டத்துல இருந்து வந்து எவ்வளவோ நாளாச்சு. பூசியாவுல வாங்கிட்டு வாங்க, நானே போட்டுவிடறேன். இந்த வாரத்துக்குள்ள. அதுவரைக்கும் பை எப்பவும் இடுப்புக்குக் கீழ இருக்கணும். மடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது. ஓடிக்கிட்டே இருக்கணும்."

வீட்டுக்கு வந்து காசைப் பற்றிப் பேசினார்கள். கோழி மூன்று இருந்தது, அதில் ஒன்று அடைகாத்தது. சான்யாவுக்கு மணல் கூலி மாசக் கடைசியில்தான். நானும் என்னிடம் இருந்ததைப் புரட்டிப் பார்த்தேன். பாதிகூடத் தேறவில்லை. கடைசியில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்ததை முகேனி அக்கா சொன்னார்.

"சம்பந்திகிட்ட உங்க கூலி நிக்குது."

மருமகள் நஃபூலா அடுப்படியில் இருந்து எழுந்துவந்தாள். "நான் போய் அப்பாகிட்டச் சொல்லட்டுமா மாமா? நான் கேட்டா உடனே குடுத்திருவாரு."

"நீ போகக்கூடாது." அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "மருமக போய் அப்பன் வீட்டுல காசு வாங்கி வந்து மாமனாருக்கு மூத்திர டியூப்பு போட்டான்னு கரை முழுக்கப் பேசவா? பாக்கி மாட்டுக்குப் பதிலா என்னைக் கொண்டுபோய் அங்க கட்டிப்போட்டுடலாம்." அப்புறம் குரல் தணிந்தது. "நானே போறேன். முகத்தைப் பார்த்தா அவருக்கே ஞாபகம் வரும்."

சம்பந்தி வீட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது என்பதால் என்னைக் கூப்பிட்டார். காலையில் போய்ப் பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்டு, சர்ச்சுக்குப் போடுகிற கோட்டை மாட்டி, வலை மிதவையில் ஒரு துண்டைக் கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார். விரல் நுனி அளவுக்குக் கூராகச் சீவி ஊதிப் பார்த்தார்.

"எதுக்கு அண்ணே?"

"பையோட அந்த வீட்டு வாசல்ல எப்படிடா நிப்பேன்? சம்பந்தியம்மா இருப்பாங்க. சான்யாவோட மச்சினமார் இருப்பாங்க. அவங்க முன்னாடி நான் கால சொறிஞ்சதுகூடக் கிடையாது."

முகேனி அக்கா குறுக்கே நின்றார். "அந்தப் பொண்ணு என்ன சொன்னா? அடைக்கக் கூடாதுன்னா இல்லியா?"

"அரை நாளு. வாய்க்கால அரை நாள் அடைச்சா வயல் செத்தா போகுது?"

"வயலா இது?"

"சான்யா அம்மா, வழிய விடு."

அக்கா விலகினார். பையைக் கழற்றி, டியூப் நுனியில் மிதவைத் துண்டைச் செருகி, மடித்துத் தொடையில் துணியால் கட்டிக்கொண்டார். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை.

ஒடுவோரி நல்ல மனுஷன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்களைக் கண்டதும் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் அண்ணன் கையைப் பிடித்தார். உள்ளே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கோழி கத்துகிற சத்தம் கேட்டதும் நான் அண்ணனைப் பார்த்தேன். கோழி அடித்துவிட்டால் வெந்து, பரிமாறி, கைகழுவி முடிகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

டீ வந்தது. பால் டீ, பெரிய குவளையில். சம்பந்தி வீட்டு டீயை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அண்ணன் குடித்தார். இன்னொன்று ஊற்றினார்கள். அதையும் குடித்தார்.

ஆகாயத்தாமரையைப் பற்றிப் பேசினார்கள். காற்று திரும்பினால் போய்விடும் என்றார் ஒடுவோரி. தான் புதிதாக வாங்கிய இஞ்சினைப் பற்றிச் சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க மூணு படகும் எப்படி ஓடிச்சு? அண்ணன் சுரண்டிக் குடுத்தாரே" என்றேன். மேசைக்கு அடியில் அண்ணன் என் முழங்காலை அழுத்தினார்.

"ஆகாயத்தாமரை மூடுற வரைக்கும் வெண்ணெய் மாதிரிப் போச்சு," என்றார் ஒடுவோரி. "சம்பந்தி கை பட்டா படகு சொன்ன பேச்சு கேக்கும்."

அவ்வளவுதான். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். சாப்பாடு வந்தது. கோழியின் இரைப்பையை மரியாதைக்கு அண்ணன் தட்டில் வைத்தார்கள். அவர் உகாலியைக் கையில் உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை கோடாக இறங்கியது. "கோட்டைக் கழட்டுங்களேன்" என்றார் ஒடுவோரி. வேண்டாம், குளிருகிறது என்றார். ஒருமுறை மறைவிடம் தேடி எழுந்து வெளியே போனார். கொல்லையில் சம்பந்தியம்மாவும் பெண்களும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாழைத் தோப்பைப் பார்க்க வந்தவர் போல நின்று, குலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

புறப்படும்போது ஒடுவோரி வேலி வரைக்கும் வந்தார்.

"என்னவோ சொல்ல வந்த மாதிரி இருக்கே சம்பந்தி?"

அண்ணன் நின்றார்.

"மாடு விஷயம்தான்," என்றார் அண்ணன். "மறக்கல. மீன் வந்ததும் ஓட்டிட்டு வர்றோம்."

"அதுக்கென்ன அவசரம்," என்றார் ஒடுவோரி.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் அவர் பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இறங்கி நடக்க முடியவில்லை. முகேனி அக்கா கட்டை அவிழ்த்து அடைப்பைப் பிடுங்கினார். பீறிட்டு வரும் என்று பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பழுப்பாக நாலு சொட்டு வந்தது, சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று வந்து அடைத்தது, அப்புறம் எதுவுமில்லை. வயிறு முதல் நாள் மாதிரியே பூசணியாக நின்றது.

நெகேசா ஓடிவந்தாள். டியூப்பை இழுத்தால் வரவில்லை. உள்நுனியில் கல் கட்டிப்போயிருந்தது. அண்ணன் என் கையைக் கடித்தார். வந்தபோது ரத்தத்தோடு வந்தது. பக்கத்து ஊரிலிருந்து யாரிடமோ ஒரு டியூப்பைக் கெஞ்சி வாங்கி வந்து போட்டாள், ஊசி போட்டாள், வண்டி பிடித்து பூசியாவுக்கு அனுப்பினாள். புது டியூப்பில் மூத்திரம் ஓடியது. ஆனால் அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் பேச்சு குழறிக்கொண்டிருந்தார். "ஏத்துடா, ஏத்து, இன்னும் கொஞ்சம்" என்று படகு இழுக்கிற ஆட்களை ஏவுகிற மாதிரி. சான்யா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏத்தியாச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

பழைய டியூப்பை நெகேசா எறியாமல் வைத்திருந்தாள். சான்யா கேட்டதால் பிளேடால் நீளவாக்கில் கீறிக் காட்டினாள். துவாரம் ஊசி நுழைகிற அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. சுற்றிலும் வழுவழுப்பும் அதன்மேல் வெள்ளைப் பொருக்கும். சான்யா விரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

புதைத்து மூன்றாம் நாள் முடியெடுக்கிற சடங்கு. அன்றைக்குத்தான் செத்தவருடைய கொடுக்கல் வாங்கலைச் சபையில் முடிக்கவேண்டும். அண்ணனின் தம்பி ஒஜியம்போ எழுந்து நின்றார். முகேனி அக்கா நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நஃபூலா தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"என் அண்ணன் யாருக்காவது தரணும்னா இப்பச் சொல்லுங்க. அவருக்கு யாராவது தரணும்னாலும் இப்பச் சொல்லுங்க. முடி மண்ணுல விழுந்த பிறகு யாரும் வாயத் திறக்கக்கூடாது."

ஒரு கிழவர், தனக்குக் கோடரி ஒன்று வரவேண்டும் என்றார். கொடுத்தார்கள். வாபுகே எழுந்து, அண்ணனிடம் வாங்கிய தார் டப்பாவில் பாதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அழுதான். அப்புறம் ஒடுவோரி எழுந்தார். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"நாலாயிரத்து முந்நூறு," என்றார். "படகு வேலைக் கூலி."

கைக்குட்டையை அக்கா பக்கம் நீட்டினார்.

"நான் ஏமாத்த நெனக்கல. இவரு கேக்கவே இல்ல. சரி, பாக்கி மாட்டுல கழிச்சுக்கிட்டாரு போலன்னு இருந்துட்டேன். நானா எடுத்துக் குடுத்தா, உன் கூலி இந்தா, என் மாடு எங்கன்னு குத்திக் காட்டின மாதிரி ஆயிடும்னு பயந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்தாரே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

முகேனி அக்கா தலையைத் தூக்கினார். சபையில் அன்று அவர் பேசியது அப்போதுதான்.

"அன்னைக்கு வீட்டுல காசு இருந்துச்சா சம்பந்தி?"

ஒடுவோரி கைக்குட்டையைப் பார்த்தார். "இருந்துச்சு."

"டியூப்பு தொள்ளாயிரம்," என்றார் அக்கா.

நஃபூலா செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை.

ஒஜியம்போ குனிந்து, "வாங்கிக்கோங்க அண்ணி. உங்களுக்குச் செலவு இருக்கு," என்றார்.

"வேணாம்." அக்கா குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். "அவரு மாட்டுல கழிச்சுட்டாருன்னு நீங்க நெனச்சீங்க. அப்படியே இருக்கட்டும். கழிச்சுக்கோங்க. ஒரு மாட்டோட பின்னங்கால்தான் வரும். மிச்சத்தை என் மகன் ஓட்டிட்டு வருவான்."

ஒடுவோரி நின்றுகொண்டே இருந்தார். கையை நீட்டியபடியே நின்றார். யாரோ அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்கள்.

"கழிஞ்சது," என்றார் ஒஜியம்போ. "வேற யாராவது?"

ஏரியைப் பார்த்துக் காற்று வீசியது. காலையில்தான் திரும்பியிருந்தது. ஆகாயத்தாமரை விலகி, ஓரமாகத் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது.

அக்கா தலையைக் குனிந்தார். நஃபூலா தண்ணீர் ஊற்றினாள். கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போனது. முடி மண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.